கேள்விப் பாப்பாவின் அப்பா

எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் அப்போது மதியம் இரண்டு நாற்பது. பஸ் தவறிவிடக் கூடாது என்று அதை எப்போதும் ஐந்து நிமிடம் கூட்டியே வைத்திருப்பேன். அதனால் உண்மையில் இரண்டு முப்பத்தைந்து. 2012ஆம் வருடம், மாசி மாதக் கடைசி, இரண்டாம் சனிக்கிழமை. கோர்ட் விடுமுறை. சாப்பிட்டுவிட்டு ஹாலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி மொட்டை மாடியில் வடாம் பிழிந்து காயப்போட்டுவிட்டுக் காக்கை விரட்ட உட்கார்ந்திருந்தாள். இரண்டு மாதம் முன்பு வந்த தானே புயலில் கடலூர் செம்மண்டலத்தில் பாதி மரங்கள் சாய்ந்துவிட்டன. எங்கள் வீட்டு வேம்பும் போய்விட்டது. "மரம் போனதுல ஒரே நல்லது, மாடியில வெயில் ஜாஸ்தி" என்று காலையில்தான் சொல்லியிருந்தாள்.

செல்போனில் நீளமான நம்பர் வந்தது. மகள்தான் என்று எடுத்தேன். அவள் ஜெர்மனியில் இருந்தாள், ஞாயிறு ஞாயிறு பேசுவாள்.

"என்னம்மா, ஒரு நாள் முன்னாடியே?" என்றேன்.

ஒரு ஆணின் குரல் மகள் பெயரைச் சொல்லிக் கேட்டது. "வணக்கம் ஐயா. நீங்கள் அவவின்ர அப்பாவோ?"

"ஆமா. யார் பேசறது?"

"நான் ஜெர்மனியில இருந்து கதைக்கிறன் ஐயா. உங்கட மகள் எங்கட வீட்டுக்கு வந்து போறவா. நாங்கள் இஞ்ச வந்த கதையெல்லாம் கேட்டு எழுதுறவா. ஆஸ்பத்திரிக்காரருக்குத் தமிழ் தெரியாது, அதான் என்னைக் கூப்பிட்டவை. அவவுக்கு ஒரு விபத்து ஐயா. ரோட்டைக் கடக்கேக்க வாகனம் அடிச்சிட்டுது. தலையில அடி. பெரிய டொக்டர்மார் பாக்கினம்."

நான் கேட்ட கேள்வி எனக்கே இன்றுவரை விளங்கவில்லை. எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. "எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சு?" என்று கேட்டேன்.

"இடப்பக்கத்தால ஐயா" என்றார். "இஞ்ச அப்பிடித்தான் வரும்."

போனைக் கையில் பிடித்தபடியே மாடி ஏறினேன். மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. "வந்தீங்களா, நல்லதாப் போச்சு. காக்கா வருது, கொஞ்சம் நில்லுங்க, தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று குச்சியை என் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினாள். அவள் திரும்பி வரும்வரை நான் அந்த வெயிலில் நின்று காக்கை விரட்டினேன். அதுதான் அவளுக்கு நான் கொடுக்க முடிந்த கடைசி நல்ல நேரம்.

மாலை விளக்கேற்றும் நேரத்தில் அதே மனிதர் மறுபடி கூப்பிட்டார். அழுதுகொண்டே பேசினார். அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

மகளுக்கு ஐந்து வயதிலிருந்து நான் சொல்லிக்கொடுத்தது ஒன்று உண்டு. ரோட்டைக் கடக்கும்போது முதலில் வலது பக்கம் பார். செம்மண்டலம் சிக்னலில் கையைப் பிடித்து நிறுத்தி, அவளே வாய்விட்டு "வலது, இடது, வலது" என்று சொன்ன பிறகுதான் காலை எடுத்து வைக்க விடுவேன். கல்லூரிக்குப் போன பிறகும் கேலியாக அதைச் சொல்லிக்கொண்டேதான் கடப்பாள். ஜெர்மனியில் வண்டி அந்தப் பக்கம் வராது என்பது, ஒரு வருடத்துக்கு மேல் அங்கே இருந்தவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். ஆனால் தலைக்குத் தெரிந்தாலும் கழுத்து பழகின பக்கம்தான் திரும்பும். அப்படித்தான் நடந்தது என்று யாரும் பார்த்துச் சொல்லவில்லை. எனக்குத்தான் அப்படித் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

இனி அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2004இல் அவள் அண்ணாமலை நகரில் எம்.ஏ. சோசியாலஜி சேர்ந்தாள். எனக்கு அதில் விருப்பமில்லை. கடலூர் கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்தேன். கேஸ் கட்டுகளும் வாய்தாக்களும்தான் என் உலகம். பி.எட். படித்தால் ஒரு பள்ளிக்கூடம் கிடைக்கும் என்பது என் கணக்கு.

"சோசியாலஜி படிச்சா என்ன வேலைம்மா கெடைக்கும்?"

"வேலை கெடைக்காதவுங்களப் பத்தி ஆராய்ச்சி பண்ற வேலைப்பா."

அம்மாவும் மகளும் சேர்ந்து சிரித்தார்கள். அவள் சிதம்பரம் பஸ்ஸில் ஏறியதும் ஒரு போன், இறங்கியதும் ஒரு போன், ஹாஸ்டலுக்குள் நுழைந்ததும் ஒரு போன் என்று நிபந்தனை போட்டு அனுப்பினேன். "உங்க அப்பாவுக்கு நீ என்னா பார்சலா, ஒவ்வொரு ஊர்லயும் சீல் வச்சி அனுப்ப?" என்று அவள் தோழிகள் கேட்பார்களாம்.

அந்த டிசம்பரில் கடல் வந்தது. விடுமுறையில் வீட்டிலிருந்தவள் கல்யாண மண்டபங்களில் தங்கவைக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்குச் சோறு பரிமாறப் போனாள். பொங்கலுக்குப் பிறகு எங்கள் கோர்ட் வாசலில் நோட்டரி வக்கீல்களின் மேசைகளைச் சுற்றி ஒரே கூட்டம். பள்ளிச் சான்றிதழ் தண்ணீரில் போய்விட்டது, ரேஷன் கார்டு போய்விட்டது என்று அஃபிடவிட் எழுத வந்தவர்கள். எதற்கு என்று விசாரித்தால் பாதிப் பேர் பாஸ்போர்ட்டுக்கு என்றார்கள். படகுக்கு, வீட்டுக்கு என்று கேட்பார்கள் என நினைத்திருந்தேன். அன்று சாப்பிடும்போது அதைச் சும்மா சொன்னேன்.

மகள் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "ஏன்பா?"

"கடல் மேல பயம் வந்துருச்சு. ஏரோப்ளேன் மேல பயம் இன்னும் வரல."

நான் விளையாட்டாகச் சொன்னேன். அவள் அடுத்த ஏழு வருடத்துக்கும் அதைப் பிடித்துக்கொண்டாள். யார் போகிறார்கள், ஏன் போகிறார்கள், அங்கே யாராக ஆகிறார்கள், இங்கே இருப்பவர்கள் என்ன ஆகிறார்கள். எம்.ஏ. கட்டுரை, பிறகு பிஎச்.டி. எல்லாம் அதுவே. "போனவுங்களப் பத்தி எல்லாரும் எழுதறாங்கப்பா. இருக்கறவுங்கள யாரும் கேக்கறதில்ல" என்பாள்.

ஆராய்ச்சிக்காக அவள் தேர்ந்தெடுத்தது கடலூர் துறைமுகத்துக்குத் தெற்கே, சிதம்பரம் போகும் வழியில் ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி இருந்த ஒரு மீனவக் குப்பம். ஆண்களில் பாதிப் பேர் துபாயிலும் கத்தாரிலும் கட்டட வேலையில் இருந்தார்கள். அவளைத் தனியாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. லீவு நாட்களில் என் பழைய ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து நானே கொண்டுபோவேன். அவள் வீட்டுக்குள் பெண்களோடு உட்காருவாள். நான் வாசலில் வலை பின்னும் ஆண்களோடு உட்காருவேன்.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, எங்களுக்குக் கிடைத்த மரியாதையில் ஒரு மாற்றம் தெரிந்தது. போகிற வீட்டிலெல்லாம் பாய் புதிதாக விரித்திருந்தது. கலர் வாங்கி வைத்திருந்தார்கள். எனக்கு இறால் வடை. வெளிநாட்டிலிருந்த பையன்களின் போட்டோக்கள் தாமாகவே வெளியே வந்தன. ஒரு பெரியவர் என் தோளைத் தட்டி, "சம்மந்தி, நம்ம பையன் குடிக்க மாட்டான். கத்தார்ல கெடைக்காது" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்யாண வயதுப் பெண்ணை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஒரு தகப்பன் வீடு வீடாக வருகிறான். பையன் எங்கே இருக்கிறான், என்ன வேலை, எந்த மாதம் லீவு, அம்மாவுக்கு ஒழுங்காகப் பணம் அனுப்புகிறானா என்று பெண்ணே உட்கார்ந்து கேட்கிறாள். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தான்.

பதறிப்போய் மகளிடம் சொன்னேன். அவள் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, ஆலப்பாக்கம் தாண்டும்வரை சிரித்தாள்.

மறுவாரம் ஒரு வீட்டில் உட்கார்ந்து அவள் எல்லோருக்கும் விளக்கம் சொன்னாள். தனக்கு மாப்பிள்ளை வேண்டாம், பதில்தான் வேண்டும் என்று. அந்த வீட்டுக்காரிக்கு அவளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். கணவன் துபாயில். அவன் அனுப்பியதில் கீழே ஒரு அறையும், மேலே நான்கு தூண்களும் எழும்பியிருந்தன. தூண் உச்சியில் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஊரில் அவளைப் பாதிமாடிக்காரி என்பார்கள்.

"கண்ணாலம் வேணாம்னா அப்பறம் எதுக்கு இம்மாங் கேள்வி கேக்கற?" என்றாள் பாதிமாடிக்காரி.

"எழுதறதுக்குக்கா."

"எழுதி?"

"படிக்கறதுக்கு."

"யாரு?"

மகள் தன் நோட்டைப் பார்த்துக்கொண்டாள். சுற்றியிருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். "உட்ருக்கா, பாவம், கேள்விப் பாப்பா கிட்டயே கேள்வி கேட்டா எப்பிடி?" என்றாள் ஒருத்தி. அன்றிலிருந்து அவள் அந்த ஊருக்குக் கேள்விப் பாப்பா. நான் ஸ்கூட்டர் சார்.

அவளுடைய வேலைமுறையை வாசலில் உட்கார்ந்தே கற்றுக்கொண்டேன். ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வாள். எதிரில் இருப்பவள் மீன் கழுவலாம், பிள்ளைக்குத் தலை வாரலாம், எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வரலாம். இவள் அடுத்த கேள்விக்குத் தாவ மாட்டாள். என்னால் அப்படி இருக்க முடியாது. ஒரு நாள் பாதிமாடிக்காரியிடம் நானே பேச்சுக்கு, "உங்க வீட்டுக்காரர் எப்ப வருவார்?" என்று கேட்டுவிட்டேன். மகள் என்னைப் பார்த்த பார்வை.

திரும்பும்போது சொன்னாள்: "எப்ப வருவார்னு கேக்கக் கூடாதுப்பா. அது அவுங்க கேள்வி. தினமும் கேட்டுக்கறாங்க. நாம வேற கேக்கணுமா?"

இன்னொரு விதியும் அவளுக்கு இருந்தது. நாம் கேட்க வந்தவர்கள், சொல்ல வந்தவர்கள் இல்லை. அந்த வீட்டு முடிவுகளில் தலையிடக் கூடாது. படித்த பெண் என்பதற்காகவே அவள் சொல்லுக்கு அங்கே ஒரு எடை வந்துவிடும் என்று பயந்தாள்.

2008இல் அந்த விதி அவளை உடைத்தது.

பாதிமாடிக்காரியின் கணவன் துபாயில் தங்குமிடத்தில் தூக்கத்திலேயே இறந்துபோனான். மாரடைப்பு என்று தகவல் வந்தது. உடல் வர மாதம் தாண்டிவிட்டது. எந்த ஆபீசில் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் அந்தக் குடும்பம் நின்றபோது, கலெக்டர் ஆபீசுக்கும் சென்னைக்கும் மகள்தான் அலைந்தாள். விமான நிலையத்தில் சரக்கு இறக்கும் கட்டடத்துக்கு நானும் கூடப் போனேன். பழக்கூடைகளுக்கும் மெஷின் பெட்டிகளுக்கும் நடுவில் அந்தப் பெட்டி வந்தது. மகள் எனக்கு ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்து, "சாப்புடுங்கப்பா, உங்களுக்கு சுகர்" என்றாள். நான் சாப்பிட்டேன்.

குப்பத்தில் பெட்டியை இறக்கியதும் ஊரே கூடிவிட்டது. மூடியில் ஸ்க்ரூ போட்டு, மேலே சீல் வைத்திருந்தது.

"தொறக்காதீங்கம்மா" என்றார் ஆம்புலன்ஸ் டிரைவர். "இத்தினி நாள் ஆயிடுச்சு. தாங்க மாட்டீங்க."

ஊர்த் தலைவரும் அதையே சொன்னார். "போனவன் நல்லபடியா மனசுல இருக்கட்டும். அப்பிடியே எடுத்துடலாம்."

பாதிமாடிக்காரி அழவில்லை. பெட்டியின் மீது கையை வைத்தபடி கூட்டத்தில் என் மகளைத் தேடினாள். "கேள்விப் பாப்பா, நீ சொல்லு. தொறக்கட்டுமா, வேணாமா?"

என் மகள் வாயைத் திறந்தாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த ஊரில் எரிப்பதுதான் வழக்கம். பெட்டியைத் திறக்காமல் எப்படி எரிப்பது என்று புதைத்துவிட்டார்கள். பதினாறாம் நாள் சடங்குகள் எல்லாம் நடந்தன; பாதிமாடிக்காரி எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் சில மாதங்கள் கழித்து மகள் போனபோது, அவன் எப்போதும் கூப்பிடும் அந்தப் பழைய போன் சார்ஜில் இருந்தது. தூண் கம்பிகளை வெட்டச் சொன்னவர்களிடம், "இருக்கட்டும், மாடி கட்ட வேணும்" என்றாளாம். அந்தப் பெட்டியில் இருந்தது யாரோ, ஆள் மாற்றி அனுப்பிவிட்டார்கள் என்று அவளுக்குள் ஒரு எண்ணம். சத்தமாக அவள் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. மகளிடம் மட்டும் ஒரு தரம், "மொகம் பாக்கலியே பாப்பா" என்றாளாம்.

அன்று ஸ்கூட்டரில் திரும்பும்போது மகள் என் முதுகில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு வந்தாள்.

"அவுங்க கேட்டப்ப வாய மூடிட்டேன்பா."

"நீ என்னம்மா சொல்லியிருக்க முடியும்?"

"தொறங்கக்கான்னு. ரெண்டு வார்த்தை."

ஆய்வேட்டை முடிக்க அவளுக்கு இன்னும் ஒன்றரை வருடம் ஆனது. அண்ணாமலை நகரில் வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம் என்பது முறை. வந்தவர்களுக்கு ஸ்வீட், மிக்சர், காபி எங்கள் செலவு. நான் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பக்கத்தில், ஒரு மஞ்சள் பையில் கருவாடு வைத்துக்கொண்டு பாதிமாடிக்காரி. வாசனை மூன்று வரிசை தாண்டிப் போனது. முன்னாலிருந்த பேராசிரியர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சபையில் யாருக்காவது கேள்வி உண்டா?" என்றார் தேர்வாளர்.

பாதிமாடிக்காரி எழுந்து நின்றாள். "எங்க ஊரு பேரப் போட்டிருக்கியா பாப்பா?"

"இல்லக்கா. யார் பேரும் போடக் கூடாது. அதான் முறை."

"அப்ப நாங்கதான்னு எப்பிடித் தெரியும்?"

அரங்கம் சிரித்தது. மகளும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. தேர்வாளர், "இந்தக் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை" என்று சொல்லிக் கை தட்டினார். மகளின் வழக்கப்படி நானும் இதில் யார் பெயரையும் எழுதவில்லை. பாதிமாடிக்காரியின் கேள்விக்கு எனக்கும் பதில் தெரியாது.

2010 கடைசியில் அவள் ஜெர்மனிக்குப் போனாள். ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்று வருட ஆராய்ச்சி வேலை. இலங்கையிலிருந்து போய்க் குடியேறிய தமிழர்களைப் பற்றியது. அவர்களின் கடைகளில், கோயிலில், வீட்டுச் சமையலறைகளில் உட்கார்ந்து கேட்பது. "இங்கயும் மாப்ள பாக்க வந்தியான்னு கேட்டாங்கப்பா" என்று முதல் மாதமே போனில் சொன்னாள். ஊர் பனியில் இருக்கிறது என்பாள். ஸ்வெட்டர் போட்டியா, மருந்து வாங்கினியா, ரோட்டில் பார்த்துப் போறியா என்று நான் கேட்பேன். "வலது, இடது, வலது" என்பாள்.

தானே புயல் அடித்தபோது எங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. போன் டவர்கள் சாய்ந்துவிட்டன. ஒரு வழியாக லைன் கிடைத்தபோது அவள் குரல் கம்மிப்போயிருந்தது. டிவியில் கடலூரைப் பார்த்துவிட்டு, சாப்பிடாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். "இத்தன வருஷம் அவுங்களக் கேட்டு எழுதினேன்பா. இப்பத்தான் தெரியுது" என்றாள். பிறகு, "அந்த அக்கா வீட்டுக்கு ஒரு தடவ போயிட்டு வந்துடுங்க" என்றாள்.

போனேன். வழியெல்லாம் முந்திரி மரங்கள் வேரோடு கிடந்தன. குப்பத்தில் பாதிமாடிக்காரி வீட்டில் இல்லை. கடைத்தெருவில் ஒருவர் ஜெனரேட்டர் வைத்து, காசு வாங்கிக்கொண்டு செல்போன்களுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வரிசையில் நின்றாள். கையில் இரண்டு போன். ஒன்று புதியது, இன்னொன்று ரப்பர் பேண்ட் சுற்றிய பழையது. நான் அதைப் பார்த்ததைப் பார்த்துவிட்டு, பழைய போனை மடியில் செருகிக்கொண்டாள்.

"சார், எங்க ஊரு கூரைலாம் பறந்துபோச்சி. அந்தத் தூணு மட்டும் நிக்கிது. என்னா கெட்டிக் கம்பி பாத்தியா" என்றாள்.

அங்கிருந்தே மகளைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். பாதிமாடிக்காரி போனைக் காதில் வைத்துக்கொண்டு உரக்கப் பேசினாள், ஜெர்மனி தூரம் என்பதால்.

"பாப்பா, நல்லா இருக்கியா? சாப்டியா? எப்ப வருவ?"

கேட்கக் கூடாத கேள்வியை அவள் கேட்டுவிட்டாள். மகளின் பதில் எனக்கும் காதில் விழுந்தது. "சித்திரையில வரேன்க்கா."

அவள் பங்குனியில் வந்தாள்.

அதற்குள் நான் எத்தனையோ பேருக்குப் பதில் சொல்லிவிட்டேன். தெருவில், கோர்ட்டில், மருந்துக் கடையில் எல்லோரும் தாழ்ந்த குரலில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "எப்ப சார் வருது?" மகளை யாரும் 'வருது' என்று சொல்லி நான் கேட்டதில்லை. மனைவி யாரிடமும் பேசவில்லை. மாடியில் வடாம் அப்படியே கிடந்து, காக்கை தின்றதுபோக மிச்சம் காற்றில் பறந்தது.

சென்னையில் அதே சரக்குக் கட்டடத்துக்கு, மனைவியின் தம்பியோடு போனேன். இந்த முறை எனக்கு வாழைப்பழம் உரித்துக் கொடுக்க யாரும் இல்லை. ஜெர்மனியிலிருந்து அந்த இலங்கைத் தமிழர் ஒரு தரம் கூப்பிட்டு, "எங்கட ஆக்கள் எல்லாரும் வந்து பூ வச்சு அனுப்பினவை ஐயா" என்றார். முகம் எப்படி இருந்தது என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

காலை பதினோரு மணிக்குப் பெட்டியை எங்கள் ஹாலில் இறக்கினார்கள். பளபளப்பான மரம், பித்தளைக் கைப்பிடிகள். மூடியில் ஸ்க்ரூ, சீல். மைத்துனன் என்னைத் தனியாகச் சமையலறைப் பக்கம் அழைத்துப்போனான்.

"மாமா, தொறக்க வேணாம். தலையில அடின்னு சொல்றாங்க. அக்கா தாங்காது. போட்டோல எப்பிடி இருக்குதோ அப்பிடியே மனசுல இருக்கட்டும். ரெண்டு மணிக்குள்ள எடுத்துடலாம், சொல்லி வச்சிட்டேன்."

தலையாட்டினேன். அவன் சொன்னதில் தவறேதும் இல்லை. வந்திருந்த பெரியவர்களும் அதுதான் சரி என்றார்கள். ஒருவர் சீல் வைத்ததைத் திறந்தால் சட்டப்படி ஏதாவது வருமா என்று, கோர்ட்டில் இருப்பவன் என்பதால் என்னிடமே கேட்டார். பெட்டியின் தலைமாட்டில் அவளுடைய பிஎச்.டி. பட்டமளிப்புப் போட்டோவை வைத்து மாலை போட்டார்கள்.

மனைவி பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அழக்கூட இல்லை. விரலால் மரத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டாள். அந்த இரண்டு வாரத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"இதுல இருக்கறது அவதானா?"

"அக்கா, அப்பிடியெல்லாம் பேசாத" என்றான் மைத்துனன்.

அவளைத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். எல்லாப் பேப்பரும் என் கையில் இருந்தது. ஆனால் அவள் பேப்பரைப் பற்றிக் கேட்கவில்லை. திற என்று சொல்ல எனக்குப் பயம். திறந்த பிறகு என்ன பார்ப்பேன் என்று பயம். திறக்காமல் விட்டால் இவள் இனி எத்தனை வருடம் இந்தக் கேள்வியோடு இருப்பாள் என்றும் பயம். வாழ்நாள் முழுக்கப் பயந்து பயந்து ஒவ்வொன்றையும் சரிபார்த்தவன் நான். அன்று பெட்டியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

வெளியே ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. வாசலில் கூட்டம் விலகியது. செம்மண்டலம் வீட்டுக்குப் பாதிமாடிக்காரி அதுவரை வந்ததே இல்லை. யாரிடம் வழி கேட்டாளோ தெரியாது. தலையில் துணி கூடப் போடாமல் வெயிலில் வந்திருந்தாள். முந்தானை மடியில் அந்தப் பழைய போன் புடைத்துக்கொண்டிருந்தது. மைத்துனன், "யாரும்மா நீ?" என்று கேட்டுக் குறுக்கே வந்தான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை.

நேராக வந்து என் மனைவியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பெட்டியின் மேலிருந்த என் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் வைத்தாள். போட்டோவைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி என்னிடம் சொன்னாள்:

"தொறந்துடு சார். எல்லாரும் வேணாம்னுதான் சொல்லுவாங்க. நான் அவுங்க பேச்சக் கேட்டுக்குனேன். இன்னிவரிக்கும் அந்த ஆளு போன் பண்ணுவான்னு இந்தப் போனுக்குக் காசு போட்டுனு இருக்கேன்."